மலைநாட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு: புயல் வருமுன் பார்க்க வேண்டியவை

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மாற்றலாகி வருகிற ஆசிரியர்கள், வங்கியில் வேலை கிடைத்து வருகிறவர்கள், கல்யாணம் முடித்து வருகிற பிள்ளைகள், இவர்கள் எல்லோரும் பண்டாரவளையில் இறங்கிய முதல் மாதத்துக்குள் ஒரு தடவையாவது என்னிடம் சொல்கிற வார்த்தை இது: "இங்க கடல் இல்லைதானே, புயல் வந்தா நமக்கென்ன?" கரையோரத்தில் வளர்ந்தவர்களுக்குப் புயல் என்றால் காற்று, கடல், 1978 நவம்பரில் மட்டக்களப்பை அடித்த சூறாவளி பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கதை. அந்தக் கண்ணோடு பார்த்தால் ஆயிரத்து இருநூறு மீற்றர் உயரத்தில், நாலு பக்கமும் மலை சூழ்ந்த ஊர் பத்திரமாகத்தான் தெரியும். அந்த நினைப்பை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

2025 நவம்பர் 28ஆம் திகதி டிட்வா புயல் கிழக்குப் பக்கமாக நாட்டைத் தொட்டது. இறந்தவர்கள் 600 பேருக்கும் மேல். அதில் பெரும்பகுதி கண்டி, நுவரெலியா, பதுளை போன்ற மலை மாவட்டங்களில். அதிகமான உயிர்கள் போனது கண்டி மாவட்டத்தில், கடலைப் பார்க்க வேண்டுமானால் பல மணித்தியாலம் பஸ்ஸில் போக வேண்டிய இடம் அது. அவர்களில் மிகப் பலரைக் கொன்றது காற்றில்லை, மண்.

இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். புயல் தரைக்கு ஏறியதும் காற்றின் வேகம் குறையத் தொடங்குகிறது, ஆனால் அது கடலில் குடித்த ஈரம் அப்படியே கூட வருகிறது. அந்த ஈரக்காற்று மலையில் முட்டி மேலே ஏறும்போது குளிர்ந்து, சுமந்துவந்த அத்தனையையும் நம் தலையில் கொட்டுகிறது. டிட்வா நேரம் மலையகத்தில் சில இடங்களில் 24 மணித்தியாலத்தில் 300 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்தது. ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் தண்ணீர். இருபதடிக்குப் பதினைந்தடி தகரக் கூரை உள்ள சின்ன வீட்டில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால், அந்தக் கூரையிலிருந்து மட்டும் 4,000 லீற்றருக்கு மேல் தண்ணீர் இறங்கும். ஆயிரம் லீற்றர் தாங்கி நாலைக் கவிழ்த்துவிட்ட மாதிரி. அது எங்கே போகிறது? உங்கள் வீட்டுப் பின்னால் இருக்கிற மண்மேட்டின் அடிக்குப் போகிறதா, ஒழுங்கான கானுக்கு, அதாவது வடிகாலுக்குப் போகிறதா? உங்களுடைய ஆபத்தில் பாதி இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

இன்னொன்று. பெயர் வைத்த புயலாக இருந்தால்தான் பயப்பட வேண்டும் என்றில்லை. 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தபோது, பிற்பாடு ரோனு என்று பெயர் வாங்கிய அந்த வானிலைத் தொகுதி இன்னும் புயலாகவே மாறியிருக்கவில்லை. வெறும் தாழமுக்கம், அதாவது காற்றழுத்தம் குறைந்த பகுதி. ஆகவே செய்தியில் "தாழமுக்கம்" என்ற வார்த்தை வந்த அன்றே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வங்கக்கடலில் இது கூடுதலாக வருவது ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை, அடுத்தது ஏப்ரல், மே. மேற்குச் சரிவில், அதாவது ஹட்டன், நோர்வூட், கினிகத்தேனை பக்கம் இருப்பவர்களுக்குத் தென்மேற்குப் பருவமழையும் சேர்த்து வருடத்தில் இன்னும் சில மாதங்கள் கவனம் வேண்டும்.

வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன்

புதிதாக வருகிறவர்களுக்கு இருக்கிற பெரிய வாய்ப்பு இதுதான், வீட்டை நீங்கள் தெரிவுசெய்யலாம். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு கிடைத்ததே இல்லை, வெள்ளைக்காரன் காலத்தில் எங்கே கட்டினானோ அங்கேதான் நாலு தலைமுறை. அதனால் கிடைத்த வாய்ப்பை வீணாக்காதீர்கள். வாடகை, தண்ணீர், பஸ் நிற்கிற தூரம் எல்லாம் விசாரித்த பிறகு, வீட்டுக்காரரிடம் "பின்பக்கம் ஒருக்கா பார்க்கலாமா" என்று கேளுங்கள்.

பின்பக்கம் பார்க்க வேண்டியது: மலையை நேராக வெட்டித்தான் இங்கே வீட்டுக்கு இடம் எடுக்கிறார்கள். வெட்டின மண்மேடு எவ்வளவு உயரம், வீட்டுச் சுவரிலிருந்து எவ்வளவு தூரம்? மேடு கூரைக்கும் மேலே நின்று, சுவருக்கும் மேட்டுக்கும் இடையில் ஒரு ஆள் மட்டும் நடக்கிற ஒடுக்கு இருந்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வீடு வேண்டாம். தடுப்புச் சுவர் கட்டியிருந்தால் அதில் தண்ணீர் வெளியேறக் குழாய் ஓட்டைகள் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டை இல்லாத சுவரும், ஓட்டை அடைத்துப் பாசி பிடித்த சுவரும் பின்னால் தண்ணீரைத் தேக்கிவைத்துக்கொண்டு நிற்கும், சுவர் வயிறு தள்ளியிருந்தால் அது ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருக்கிறது.

அப்புறம் நிமிர்ந்து மேலே பாருங்கள். வீட்டுக்கு நேர் மேலே மலை ஒரு மடிப்பு மாதிரி உள்ளே குழிந்து வருகிறதா, அல்லது மாட்டு முதுகு மாதிரி வெளியே பிதுங்கி வருகிறதா? குழிந்த மடிப்பு வழியாகத்தான் தண்ணீரும் மண்ணும் கல்லும் சேர்ந்து இறங்கும், இன்றைக்கு அங்கே ஓடை இல்லாவிட்டாலும் சரி. முதுகின் மேல் இருக்கிற வீடு அதைவிட நல்லது. கீழேயும் பாருங்கள். ஓயாவுக்கு (சிற்றாறு) பக்கத்தில் தட்டையாக, அழகாக இருக்கிற காணி எப்படித் தட்டையானது? எப்போதோ வந்த வெள்ளம் கொண்டுவந்து போட்ட மண் அது. கம்பளை, நாவலப்பிட்டி பக்கம் மகாவலியோரமாக வீடு எடுக்கிறவர்களுக்கு ஆறும் ஒரு கணக்கு. நீர்த்தேக்கத்துக்குக் கீழே இருப்பவர்கள் வான்கதவு திறக்கும்போது எப்படி அறிவிப்பார்கள், தண்ணீர் எதுவரை ஏறும் என்று பழைய ஆட்களிடம் கேட்டுவைக்க வேண்டும்.

பழைய ஆட்கள் என்று சொன்னேன், அதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். வீட்டுக்காரர் வாடகைக்காகச் சொல்வார், தரகர் கமிஷனுக்காகச் சொல்வார். மேல் லயத்தில் இருக்கிற வயதான அம்மா ஒருவரிடம், கடைக்கார ஐயாவிடம் கேளுங்கள்: "இந்த இடத்தில் எப்பவாவது மண் இறங்கியிருக்கா?" ஒரு தரம் இறங்கிய இடம் திரும்பவும் இறங்கும்.

காணி வாங்கிக் கட்டப் போகிறவர்கள், பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி போன்ற மண்சரிவு மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் கட்டட அனுமதி எடுக்க முடியாது என்பதைத் தெரிந்துவைத்திருங்கள். காணிக்குக் காசு கொடுத்த பிறகு இந்த அறிக்கைக்கு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் அறிக்கை, பிறகு காசு.

குடிவந்த பிறகு: கான், பென்சில், பீலி

வீட்டைச் சுற்றி ஓடுகிற கானைத் துப்புரவாக வைத்திருங்கள். கேட்கச் சின்ன வேலையாகத் தெரியும். நவம்பருக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு இறங்கி, இலை, பொலித்தீன், மேலிருந்து சரிந்த மண் எல்லாவற்றையும் அள்ளி, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கூரைத் தண்ணீரைக் கூரையோரம் தகர வாய்க்கால் போட்டுக் குழாய் வழியாகக் கானில் விடுங்கள். குளிக்கிற, துணி துவைக்கிற தண்ணீரையும் மலக்குழித் தண்ணீரையும் சரிவில் விடாதீர்கள், அது வருடம் முழுவதும் மேட்டை உள்ளே ஊறவைத்துக்கொண்டிருக்கும். மேட்டில் இருக்கிற புல்லையும் செடியையும் "பாம்பு வரும்" என்று அடியோடு சுரண்டாதீர்கள். கத்தரித்து விடுங்கள், வேர் இருக்கட்டும்.

சுவரிலோ நிலத்திலோ வெடிப்பு இருந்தால் பென்சில் எடுங்கள். வெடிப்பின் இரண்டு முனையிலும் குறுக்காக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் திகதி எழுதுங்கள். எங்கள் குசினிச் சுவரில் நான் 2019இல் போட்ட கோடு இன்னும் இருக்கிறது. ஆறு வருடமாக அந்த வெடிப்பு அசையவில்லை, அது சீமெந்து காய்ந்ததால் வந்தது என்று நிம்மதியாக இருந்தேன். டிட்வாவுக்கு முதல் நாள் மத்தியானம் பார்க்கும்போது வெடிப்பு கோட்டைத் தாண்டி ஒரு சாண் போயிருந்தது, குசினிக் கதவும் நிலையில் உரசிக்கொண்டு மூடாமல் நின்றது. பென்சில் கோடு இல்லாவிட்டால் "இது முன்னமே இப்படித்தானே" என்று நானே என்னைச் சமாதானப்படுத்தியிருப்பேன்.

அன்றைக்கு எங்களைக் கிளப்பியது வெடிப்பு மட்டுமில்லை. மேல் லயத்துப் பெரியம்மா ஒருவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். "பீலித் தண்ணி கலங்கிப் போச்சு தம்பி. காலையில கண்ணாடி மாதிரி வந்துச்சு, இப்ப தேத்தண்ணி மாதிரி வருது. இன்னிக்கு ராவு இங்கன படுக்காதீங்க" என்றார். பீலி என்பது மலை ஊற்றிலிருந்து குழாயோ தகரமோ வைத்து இழுத்த தண்ணீர். ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலும், பெருமழைக்கு நடுவில் அது நின்றுபோனாலும், இல்லாத இடத்தில் புதிதாக ஊற்றுக் கிளம்பினாலும் மலைக்குள் ஏதோ நகர்கிறது. ஓடை இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்து சட்டென்று அடங்கினால், மேலே மண் விழுந்து மறித்திருக்கலாம், மறித்தது உடைத்துக்கொண்டு வரும், பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. மரமும் கரண்ட் கம்பமும் வேலியும் சாய்வது, தரையில் வில் மாதிரி வளைந்த வெடிப்பு, கதவு யன்னல் இறுகுவது, மலைக்குள்ளிருந்து இடி மாதிரியோ மரம் முறிகிற மாதிரியோ சத்தம், இவற்றில் ஒன்று கண்டாலும் போதும். நாங்கள் நாலு மணிக்கு இறங்கிவிட்டோம். இரவில் மேட்டின் ஒரு பகுதி குசினிக்குள் வந்திருந்தது, அரிசி வாளியும் அடுப்பும் இருந்த இடத்தில் இடுப்பளவு சிவப்பு மண்.

எச்சரிக்கையை வாசிப்பது எப்படி

மழையை வளிமண்டலவியல் திணைக்களம் சொல்லும், மண்சரிவை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும். இரண்டும் வேறு வேறு. மண்சரிவு எச்சரிக்கை மூன்று நிலை: மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாக இருங்கள், சிவப்பு என்றால் வெளியேறுங்கள். சிவப்பு வந்த பிறகு சோறு வடிக்கிற கதையே இருக்கக் கூடாது.

இதில் புதிதாக வந்தவர்கள் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவின் பெயரில்தான் வரும், ஊரின் பெயரில் வராது. கொஸ்லந்தையில் இருக்கிறவர் பட்டியலில் கொஸ்லந்தையைத் தேடி, காணவில்லை என்று நிம்மதியாகப் படுத்துவிடலாம், ஆனால் அவருடைய இடம் ஹல்துமுல்லை என்ற பெயருக்குள் இருக்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் புதைந்தது அந்தப் பிரிவில்தான். அந்த இடம் ஆபத்தானது என்று வருடக்கணக்காக முன்பே சொல்லப்பட்டிருந்தது, சொன்னது மக்களைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. உங்கள் பிரதேச செயலகப் பிரிவு, கிராம உத்தியோகத்தர் பிரிவு இரண்டின் பெயரையும் இன்றைக்கே எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள்.

மொழிப் பிரச்சினையையும் மறைக்காமல் சொல்கிறேன். டிட்வா நாட்களில் எனக்கு வந்த முதல் தகவல்கள் சிங்களத்தில் வந்தன, தமிழில் வர நேரம் எடுத்தது. மழை நம்மை மொழி பார்த்து விடப்போவதில்லை, அதனால் சில சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள்: நாயயாம் என்றால் மண்சரிவு, கங்வதுர என்றால் வெள்ளம், சுளி குணாட்டுவ என்றால் புயல், இவத் வன்ன என்றால் வெளியேறுங்கள். கஹ மஞ்சள், தெம்பிலி செம்மஞ்சள், ரது சிவப்பு. சிங்களம் வாசிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றோடு ஒரு ஏற்பாடும் செய்துகொள்ளுங்கள், வந்தால் உடனே சொல்லட்டும்.

இலக்கங்கள்: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. இவற்றோடு கிராம உத்தியோகத்தர், தோட்டமானால் தோட்ட அலுவலகம், மேல் வீட்டில் ஒருவர், கீழ் வீட்டில் ஒருவர். போனில் மட்டும் வைக்காதீர்கள், காகிதத்திலும் எழுதுங்கள்.

உங்கள் வீட்டு மழைமானி

எச்சரிக்கை வரும் என்று மட்டும் நம்பியிருக்க வேண்டாம். கரண்ட் போகும், கோபுரத்தின் பற்றரி தீர்ந்தால் சிக்னலும் போகும், டிட்வாவில் அப்படித்தான் எத்தனையோ ஊர் வெளியுலகத்தோடு தொடர்பில்லாமல் நாட்கணக்கில் கிடந்தது. பக்கத்து மலையில் பெய்கிற மழையும் உங்கள் மலையில் பெய்கிற மழையும் ஒன்றில்லை.

குழந்தைப் பால்மா டின், பெரியது, அடியும் வாயும் ஒரே அகலமாக இருக்கிறது ஒன்று எடுங்கள். போத்தல் வேண்டாம், வாய் ஒடுங்கினால் கணக்குப் பிழைக்கும். உட்பக்கம் அடியிலிருந்து பள்ளிக்கூட அடிமட்டத்தால் அளந்து ஏழரை சென்ரிமீற்றரில் மஞ்சள் பெயின்ற், பத்தில் செம்மஞ்சள், பதினைந்தில் சிவப்பு. கூரையும் மரமும் மறைக்காத திறந்த இடத்தில் ஒரு கம்பில் கட்டிவிடுங்கள், காற்று கவிழ்க்காமல். தினம் காலை எட்டரைக்குப் பார்த்துக் கொப்பியில் எழுதிவிட்டு ஊற்றுங்கள். பெருமழை நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பாருங்கள், ஊற்ற வேண்டாம். டின் நிரம்பும் போலிருந்தால் அளவை எழுதிவிட்டு ஊற்றி, அடுத்ததைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்தக் கோடுகள் சும்மா போட்டவை இல்லை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம், ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற்றம் என்பதுதான் மண்சரிவுக்குப் பாவிக்கிற அளவு. ஆனால் நாலைந்து நாளாக விடாமல் பெய்து மண் ஏற்கெனவே ஊறியிருந்தால் நான் மஞ்சளிலேயே பையைத் தூக்கிவிடுவேன். டின் சொல்லாததை வெடிப்பும் பீலியும் சொல்லும், மூன்றில் எது முதலில் சொன்னாலும் கேளுங்கள்.

எங்கே போவது, எப்போது போவது

இதை மழை இல்லாத நாளில் முடிவெடுங்கள். முதலில் இடம். சொந்தக்காரர் வீடோ, பாடசாலையோ, கோயிலோ, எதுவானாலும் அந்தக் கட்டடம் எங்கே நிற்கிறது என்று உங்கள் வீட்டைப் பார்த்த அதே கண்ணோடு பாருங்கள். நம் கோயில்கள் பல ஓடைக்கரையில் இருக்கின்றன, சில பாடசாலைகளுக்குப் பின்னால் நம் வீட்டு மேட்டைவிடப் பெரிய மேடு நிற்கிறது. அடுத்தது வழி. அந்த இடத்துக்குக் குடும்பத்தோடு ஒரு தடவை நடந்து பாருங்கள். ஓடையைக் கடக்கிற, சரிவின் அடியால் போகிற குறுக்குப் பாதை வேண்டாம், சுற்றினாலும் பரவாயில்லை.

அப்புறம் நேரம். நவம்பரில் இங்கே ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும், மூடுபனி இறங்கினால் நாலரைக்கே பாதை தெரியாது. எங்கள் வீட்டுச் சட்டம், சந்தேகம் இருந்தால் நாலு மணிக்கு முன் கிளம்புவது. போய் ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்தால் யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள்தான், சொல்லட்டும். நாங்கள் மூன்று தடவை சும்மா போய் வந்திருக்கிறோம், நாலாவது தடவைதான் குசினிக்குள் மண் வந்தது. வயதானவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள் செம்மஞ்சளிலேயே போய்விட வேண்டும். மாடு ஆடு இருந்தால் கட்டை அவிழ்த்துவிட்டுப் போங்கள். மாட்டைப் பார்க்க என்று இரவில் திரும்பிப் போகிற பழக்கம் நம்மிடம் உண்டு, வயிற்றெரிச்சல் எனக்கும் விளங்கும், ஆனால் அவிழ்த்துவிட்ட மாடு தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும்.

பையும் வீட்டுச் சாமானும்

பைக்குள்: அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம் இருந்தால் அது, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ்கள், இவற்றை இரண்டு பொலித்தீன் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டுங்கள், படமும் எடுத்து வெளியூரில் இருக்கிற ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். கிளினிக் கொப்பியும் இரண்டு வார மருந்தும் (பிரஷர், சீனி வருத்தம் உள்ளவர்கள் இதை முதலில் போடுங்கள்). டோர்ச், பற்றரி, பவர் பேங்க், விசில். கம்பளியும் காய்ந்த உடுப்பும், ஏனென்றால் இங்கே நனைந்த குழந்தைக்கு இரவுக் குளிரே போதும். சில்லறைக் காசு, கரண்ட் இல்லாத ஊரில் காசு இயந்திரமும் அட்டையும் வேலை செய்யாது. ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புத் தூள்), பனடோல், பெண்களுக்குத் தேவையானவை.

வீடு பாதுகாப்பான இடத்தில் இருந்தாலும் சாமான் சேர்க்க வேண்டும், காரணம் பாதை. பண்டாரவளைக்கு வருகிற பெரகலைப் பாதை, பதுளைப் பாதை, வெளிமடைப் பாதை மூன்றும் மலையை வெட்டிப் போட்டவை, மூன்றும் ஒரே நாளில் மூடலாம். ரயிலும் நிற்கும். கரட்டும் லீக்ஸும் நமக்கு இருக்கும், அரிசியும் கேஸும் கீழேயிருந்துதான் வர வேண்டும். பத்து நாளைக்கு அரிசி, கோதுமை மா, பருப்பு, டின் மீன், சீனி, தேயிலை, கொஞ்சம் காய்ந்த விறகு. கட்டச் சம்பல் அரைத்துப் போத்தலில் வைத்தால் ரொட்டியோடு நாட்களை ஓட்டலாம். தண்ணீர்: மழை கொட்டுகிற ஊரில் தண்ணீர் இல்லாமல் போகும் என்று யாரும் நினைப்பதில்லை, குழாய் உடைந்து முதலில் இல்லாமல் போவது அதுதான். வாளி, டிரம், பானை எல்லாவற்றையும் முதல் நாளே நிரப்பி மூடிவையுங்கள்.

கொட்டும்போது

வெளியேற முடியாமல் மாட்டிக்கொண்டால் மேட்டுப் பக்க அறையில் படுக்காதீர்கள், முன்பக்கம் வாருங்கள், மாடி இருந்தால் மாடிக்குப் போங்கள். பெரும்பாலும் நம் குசினியும் பிள்ளைகள் படுக்கிற அறையும்தான் மேட்டுப் பக்கம் இருக்கின்றன. முறை வைத்து ஒருவர் விழித்திருக்க வேண்டும், சத்தத்தைக் கேட்கிற காது ஒன்று வேண்டும். மண் இறங்குகிற சத்தம் கேட்டால் அது வருகிற வழியிலேயே கீழ்நோக்கி ஓடாதீர்கள், பக்கவாட்டில் ஓடி மேடான முதுகுப் பக்கம் ஏறுங்கள்.

காற்றும் சும்மா இருக்காது. யூகலிப்டஸும் பைனஸும் வேர் இளகி விழும், தகரம் பறக்கும். கூரையில் ஏறிக் கல் வைக்கிற வேலை முதல் நாள் வேலை, காற்றடிக்கும்போது ஏறுகிற வேலை இல்லை. அறுந்த கரண்ட் கம்பிக்குப் பக்கத்தில் போக வேண்டாம். ஓடுகிற தண்ணீர் அரையடி இருந்தாலே ஆளை விழுத்தும், ஓரடி இருந்தால் சின்னக் காரை மிதக்கவைத்துவிடும், அதனால் பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் ஓட்டோக்காரர் எவ்வளவு தைரியம் சொன்னாலும் இறங்கிவிடுங்கள். போன் பேச்சு எடுபடாவிட்டாலும் எஸ்எம்எஸ் சில நேரம் போகும். "எல்லோரும் பாடசாலையில், நலம்" என்று ஒருவருக்கு அனுப்பினால் அவர் மற்றவர்களுக்குச் சொல்வார், பற்றரியும் மிஞ்சும்.

மழை விட்ட பிறகு

இங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். வெயில் எறித்ததும் வீட்டைப் பார்க்க ஓடுகிறார்கள். மேலே ஊறிய தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டேதான் இருக்கும், மழை விட்டுப் பல மணித்தியாலம் கழித்தும் ஒரு நாள் கழித்தும் மண் இறங்கும். சிவப்பு எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள் என்று தெரியும்வரை திரும்பாதீர்கள்.

போனதும் முதலில் வெளியே நின்று மேட்டைப் பாருங்கள், புது வெடிப்பு, புது ஊற்று. உள்ளே கேஸ் மணம் இருந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள். சரிந்துகிடக்கிற மண்ணை அவசரப்பட்டு அள்ளாதீர்கள், இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: கீழே விழுந்த மண்தான் மேலே மிச்சம் இருக்கிறதைத் தாங்கிக்கொண்டு நிற்கலாம், அடியை வெட்டினால் மிச்சமும் வரும். மேட்டின் வெடிப்புக்குள் மழை இறங்காமல் பொலித்தீன் போட்டு மூடுவது நல்லது, ஏறுவதற்குப் பத்திரமாக இருந்தால் மட்டும். தண்ணீரை கொதிக்கவைத்தே குடியுங்கள், பீலித் தண்ணீரானாலும். சேற்றில் வேலை செய்கிறவர்கள் காலில் புண் இருந்தால் மூடிக்கட்டி பூட்ஸ் போடுங்கள். எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே மாத்திரை தேவையா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள், காய்ச்சல் வந்தால் பனடோலோடு வீட்டில் கிடக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நிவாரணம் எல்லாம் கிராம உத்தியோகத்தரின் பட்டியல் வழியாகத்தான் நடக்கும். டிட்வாவுக்குப் பிறகு வீடு துப்புரவாக்க 25,000 ரூபாய் அறிவித்தபோது பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தேன். வாடகைக்கு இருந்தாலும் குடிவந்த மாதமே போய் உங்கள் குடும்பத்தைப் பதிந்துவிடுங்கள். சேதத்தைத் துப்புரவாக்கும் முன் படம் எடுங்கள், திகதியோடு. வீடு இனி இருக்கத் தகுந்ததா என்று சந்தேகம் இருந்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்கள் வந்து பார்க்க வேண்டும் என்று பிரதேச செயலகத்துக்குக் கடிதம் கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதியும் முத்திரையும் வாங்கி, அடையாள அட்டை இருக்கிற அந்தப் பொலித்தீன் பைக்குள்ளேயே வையுங்கள்.